எல்லைக்கோட்டருகே ஒரு மருத்துவமனை

விழாத் தலைவர் அவர்களே, அலுவல்களுக்கிடையிலும் வருகை தந்து நம்மைப் பெருமைப்படுத்தியிருக்கும் துணை மேயர் அம்மையார் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய சங்கச் செயலாளர் அவர்களே, பிரான்சு வாழ் தமிழ்ப் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

‘ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும்’ என்பதைச் சொல்லாமல் நான் எந்த மேடையிலிருந்தும் இறங்குவதில்லை. ஐரோப்பாவின் அண்டை நாடுகள் எல்லை கடந்து ஒத்துழைப்பதைப் பற்றிச் சாலை, மருத்துவம், ஆற்றுநீர் ஆகிய மூன்று தலைப்புகளில் பேச விழைகிறேன்.

பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடையிலுள்ள பிரனீசு மலைத்தொடரில், கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் மேலே, செர்தான்யா என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. 1659-இல் பிரான்சும் ஸ்பெயினும் செய்துகொண்ட உடன்படிக்கை அதை இரண்டாகப் பிளந்து, 33 கிராமங்களைப் பிரான்சுக்குக் கொடுத்தது. லீவியா மட்டும் நகரத் தகுதி பெற்றிருந்ததால் ஸ்பெயினிடமே தங்கியது. இன்றுவரை அது நாற்புறமும் பிரான்சு நிலத்தால் சூழப்பட்டிருக்கிறது. அங்கிருந்து அருகிலுள்ள ஸ்பெயின் நகரான புய்ச்செர்தாவுக்குப் பிரான்சு வழியாகச் செல்லும் சாலையில் தடையின்றிப் போய்வருவது தங்கள் உரிமை என்று லீவியா மக்கள் கருதினார்கள். 1970-களில் பிரான்சு அதிகாரிகள் குறுக்குச் சாலைக்கு முன்னுரிமை தந்து, இவர்கள் பாதையில் ‘நில்’ என்ற பலகைகளை நட்டார்கள். மக்கள் பிடுங்கி எறிந்தார்கள், அதிகாரிகள் மீண்டும் நட்டார்கள், மீண்டும் பிடுங்கப்பட்டன. ‘நில் பலகைப் போர்’ என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது! கடைசியில் மேம்பாலம் கட்டித்தான் அந்தச் சச்சரவு தீர்ந்தது.

இப்படி ஒரு பலகைக்காக மல்லுக்கட்டிய அதே பள்ளத்தாக்கில், 2014-இல் இரு நாட்டு மக்களுக்கும் பொதுவான மருத்துவமனை புய்ச்செர்தாவில் திறக்கப்பட்டது. அதற்கு முன், பிரான்சுப் பக்கத்துக் கர்ப்பிணிகள் பெரிய மருத்துவமனையை நாடினால், பனி மூடிய மலைப்பாதையில் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் கடந்து பிரான்சு நகரான பெர்ப்பிஞ்ஞானுக்குப் போக வேண்டியிருந்தது. கட்டுமானச் செலவில் 60 விழுக்காட்டை ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றது. மீதியை, புய்ச்செர்தா அடங்கிய ஸ்பெயினின் தன்னாட்சிப் பகுதியான கத்தலோனியாவும் பிரான்சும் பகிர்ந்துகொண்டன. குழந்தையின் பிறப்பைப் பதிவதிலும், இறந்தவர் உடலை எல்லை தாண்டி எடுத்துச் செல்வதிலும் எழுந்த சட்டச் சிக்கல்களை அவர்கள் பேசிப் பேசித் தீர்க்க வேண்டியிருந்தது. ஊர் கூடித் தேர் இழுப்பது என்பது இதுதான்.

இரண்டு அரசுகள் சேர்ந்து ஒரு சிறிய மலைப்பகுதிக்கு மகப்பேற்று வசதி செய்து தர முடிகிறபோது, ஒரே அரசின் கீழ் வாழும் நமக்கு, இருக்கும் மகப்பேறு மனையும் ஏன் பறிபோக வேண்டும்? 1975-இல் பிரான்சில் 1,300-க்கும் மேற்பட்ட மகப்பேறு மனைகள் இருந்தன. இன்று 500-க்கும் குறைவாகவே எஞ்சியுள்ளன. நள்ளிரவில் வலி கண்ட பெண்ணுக்கு இந்தக் கணக்கு என்ன ஆறுதல் தரும்? ஆற்றுநீரைப் பற்றிப் பேச நேரமில்லை. தலைவர் அவர்கள் பொறுத்தருள வேண்டும்.

நம் பகுதியின் மகப்பேறு மனையை மூடக் கூடாது என்று கோரும் மனு வாயிலருகே மேசையில் இருக்கிறது. பேறுகாலத்தில் அங்கே போய்வந்த தாய்மார்கள் தங்கள் அனுபவத்தையும் இரண்டு வரி எழுதிக் கையெழுத்திடுங்கள். மண்டலச் சுகாதார முகமையிடம் அதை நேரில் ஒப்படைக்கத் துணை மேயர் அம்மையார் இசைந்திருக்கிறார்கள். அவர்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்.