புளிக்கும் மண்ணில் ஒரு குடியேற்றம்

அவையோருக்கு வணக்கம். இந்தோனேசியக் கிராமம் என்றதும் பாலித் தீவின் படிக்கட்டு வயல்கள்தான் நம் நினைவுக்கு வரும். இன்று பேச எடுத்துக்கொண்டது அந்தப் படத்தில் இல்லாத ஊர். போர்னியோவின் தெற்கே, பாரிட்டோ ஆறு கடலோடு சேரும் சதுப்பில், ஜாவாக்காரர்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய சிற்றூர்கள். பாரம்பாய் அவற்றில் ஒன்று. 1970 வாக்கில் திறக்கப்பட்டது.

ஜாவாவில் ஆள் நெருக்கம், வெளித்தீவுகளில் நிலம் சும்மா கிடக்கிறது என்ற கணக்கு டச்சுக்காரர்கள் போட்டது. 1905-ல் ஜாவாவின் கெடு என்ற பகுதியிலிருந்து 155 குடும்பங்களைச் சுமத்ராவின் லம்புங்குக்கு அனுப்பியதில் அது தொடங்கியது. சுதந்திர இந்தோனேசியா அதையே 'திரான்ஸ்மிகிராசி' என்ற பெயரில் பெரிதாக்கியது. சதுப்புக்கு வந்த குடும்பத்துக்கு வழக்கமாகக் கால் ஹெக்டேர் வீட்டுமனை, இரண்டு ஹெக்டேர் வயல்; நம் கணக்கில் ஐந்தரை ஏக்கர். மரவீடு ஒன்று. முதல் விளைச்சல் வரும்வரை அரிசி, கருவாடு, உப்பு, எண்ணெய், மண்ணெண்ணெய் என்று படி அளந்தார்கள். இதை 'ஜாடுப்' என்பார்கள். மேட்டு நிலத்துக்கு 12 மாதம், ஈர நிலத்துக்கு 18 மாதம். ஈரத்துக்கு ஆறு மாதம் கூடுதலாகக் கொடுத்ததிலேயே அரசுக்குச் சந்தேகம் இருந்தது தெரிகிறது.

நிலத்தை அளந்தவர்கள் அதன் அடியில் இருப்பதை அளக்கவில்லை. என் பேச்சு முழுக்க இந்த ஒரு விஷயம்தான்.

அடியில் இருப்பது பைரைட், அதாவது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். பழைய கடலோரச் சேற்றில் உருவானது. தண்ணீருக்குள் இருக்கும்வரை அது எந்தத் தொல்லையும் தராது. கால்வாய் வெட்டி நீர்மட்டத்தை இறக்கினால் காற்று உள்ளே போகும், பைரைட் கந்தக அமிலமாக மாறும். மண்ணின் பி.எச். (குறையக் குறையப் புளிப்பு கூடியதைக் காட்டும் எண்) மூன்றரைக்குக் கீழே இறங்கிவிடும். அலுமினியம் கரைந்து வேரைக் கருக்கும். இரும்பு மிகுந்து நெல் இலை வெண்கல நிறத்துக்குத் திரும்பும். கரையில் வைக்கோல் நிறத்தில் மஞ்சள் திட்டுகள் தெரிந்தால், வாய்க்காலில் காவி நிறப் படலம் மிதந்தால், காரியம் கெட்டுவிட்டது என்று பொருள். ஊரார் வாயில் இதற்கு ஒரே சொல்: 'மாசாம்', அதாவது புளித்துவிட்டது. கேரளத்துக் குட்டநாட்டின் கரி நிலத்தை அறிந்தவர்களுக்கு இந்தச் சங்கதி புதிதல்ல. அங்கேயும் இதே வேதியியல்தான்.

ஜாவாவிலிருந்து வந்தவர் மண்வெட்டியோடு வந்தார். ஆழக் கொத்திப் புரட்டுவதுதான் நல்ல உழவு என்று அவருக்குப் பழக்கம். எரிமலை மண்ணில் அது சரி. இங்கே ஓர் அடி புரட்டினால் பைரைட்டைக் கையால் எடுத்து வெயிலில் வைத்த மாதிரி. பல இடங்களில் முதல் ஓரிரு போகம் சுமாராக விளைந்து, பிறகு பதராகப் போனதற்கு இதுவே காரணம். சோம்பேறிகள் என்று அவர்களைப் பற்றி அந்நாளில் எழுதியவர்கள் உண்டு. அநியாயமான பேச்சு அது.

பக்கத்திலேயே இதற்கு விடை வைத்திருந்தவர்கள் அந்த வட்டாரத்துப் பஞ்சார் மக்கள். அவர்களுடைய கருவி 'தாஜாக்'. நீண்ட பிடி, அடியில் வளைந்து படுத்த வாள் போன்ற அலகு. முழங்கால் தண்ணீரில் நின்று வீசினால் புல்லை வேரடியில் அறுக்கும்; மண்ணில் சில சென்டிமீட்டருக்கு மேல் இறங்காது. அறுத்த புல்லை அப்படியே ஊறப்போடுவார்கள். பிறகு பந்தாக உருட்டி வயலிலேயே குவிப்பார்கள். சில நாள் கழித்து உருண்டையைப் புரட்டிவிடுவார்கள். கடைசியில் பிய்த்து வயல் முழுக்கப் பரப்புவார்கள். உழவும் உரமும் அதோடு முடிந்தது. மண்ணைக் கிளறவேயில்லை என்பதைக் கவனியுங்கள்.

நடவு இன்னும் விசேஷம். நம்மூரில் நாற்று முப்பது நாளைத் தாண்டினால் முற்றிப்போச்சு என்று கவலைப்படுவோம். அங்கே நாற்றை மூன்று தடவை இடம் மாற்றுகிறார்கள். மழை தொடங்கும் அக்டோபர், நவம்பரில் மேட்டில் குழி போட்டு விதைப்பது 'தாராடாக்'. ஹெக்டேருக்கு ஐந்து முதல் பத்து கிலோ விதை போதும். முப்பத்தைந்து, நாற்பது நாளில் பறித்து வயலோரத்தில் நடுவது 'அம்பாக்'. மறுபடி அதே அளவு நாள் கழித்துத் தூர்களைப் பிரித்து, வயலில் மூன்றிலொரு பங்கில் நடுவது 'லாசாக்'. இரண்டு மாதம் கழித்து, மார்ச், ஏப்ரலில் கடைசி நடவு. அறுவடைக்கு ஆகஸ்ட் ஆகிவிடும். இவ்வளவு சுற்று எதற்கு? ஜனவரி, பிப்ரவரியில் வயலில் இடுப்பளவு தண்ணீர்கூட நிற்கும். குட்டை நாற்று மூழ்கிப்போகும். அதோடு, காத்திருக்கும் அந்த மாதங்களில் மழை நீர் புளிப்பைக் கழுவிக் கொண்டுபோகிறது. தண்ணீர் வடியும்போது வளர்ந்த, தடித்த நாற்று இறங்கும். விளைச்சல் ஹெக்டேருக்கு இரண்டு, மூன்று டன். குறைவுதான். ஆனால் உரக்கடைப் பாக்கி கிடையாது. புதிய குட்டை ரகத்தில் இரண்டு போகம் எடுக்கலாம் என்று சொல்லிவந்த அதிகாரிகளும் பிறகு இறங்கிவந்து, நாட்டு ரகத்தையும் புது ரகத்தையும் ஒரே ஆண்டில் கலந்து எடுக்கும் 'சாவிட் டூபா' முறையைப் பரிந்துரைத்தார்கள்.

எல்லா வயலிலும் ஒரே முறை செல்லாது. ஓதத்தை, அதாவது கடல் நீர் ஏறி இறங்குவதை வைத்து நிலத்தை நான்காகப் பிரிப்பார்கள். சிறிய ஓதத்திலும் நீர் ஏறினால் ஏ வகை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதத்தில் மட்டும் ஏறினால் பி. ஏறாமல், நீர்மட்டம் தரைக்கு அரை மீட்டருக்குள் நின்றால் சி. அதற்கும் கீழே போனால் டி. ஏ வகையில் நெல்லைத் தவிர வேறு யோசனை வேண்டாம். பி-யிலும் சி-யிலும் மேடும் பள்ளமும் மாறி மாறி அமைக்கலாம்: பள்ளத்தில் நெல், மேட்டில் கமலா ஆரஞ்சு. இங்கேயும் ஓர் அவசரக் கோளாறு உண்டு. இயந்திரத்தால் ஒரே மூச்சில் மேடு எழுப்பினால் அடிமண் உச்சிக்கு வந்துவிடும், கன்று கருகிவிடும். பஞ்சார்காரர் முதலில் ஒவ்வொரு கன்றுக்கும் மேல்மண்ணால் தனித் திட்டு எழுப்புவார். ஆண்டுதோறும் கொஞ்சம் மண் அணைத்து அகலமாக்குவார். சில ஆண்டுகளில் திட்டுகள் கூடி ஒரே நீள மேடாகும். அதற்குள் புளிப்பும் கழுவப்பட்டிருக்கும்.

வீட்டு வாழ்க்கையும் இதே தண்ணீர்தான். வீடு 'காலம்' என்ற சதுப்பு மரத்தின் கால்களில் நிற்கிறது. ஈரச் சேற்றில் புதைந்திருக்கும்வரை அந்த மரம் உளுக்காது. வயல் சரியாக அமையாத ஆண்டில் 'காலம்' மரம் வெட்டி விற்பதும், 'பூருன்' கோரையில் பாய் முடைவதும்தான் அரிசிக்கு வழி. பூருன் புளித்த மண்ணில்தான் செழிக்கும். குடிக்கக் கூரை நீர், பீப்பாய்களில். கோடையில் பீப்பாய் காலியானால் சிக்கல். வாய்க்கால் நீர் புளிக்கும், கடலோரத்தில் உப்பும் ஏறும். சுண்ணாம்பு போட்டால் மண் தேறும்தான். ஹெக்டேருக்கு டன் கணக்கில் படகேற்றிக் கொண்டுவரும் செலவை யார் தாங்குவது? சாம்பலோடு சமாளிக்கிறார்கள்.

பாரம்பாயின் கால்வாய்களைக் கஜா மாடா பல்கலைக்கழகத்துப் பொறியாளர்கள் முள்கரண்டி போலக் கிளைவிட்டு, முனையில் குளம் வைத்து அமைத்தார்கள். ஓதத்தோடு நல்ல நீர் ஏறும், இறங்கும்போது புளிப்பை இழுத்துச் செல்லும் என்பது எதிர்பார்ப்பு. நடந்தது வேறு. முனையில் இருந்த நீர் முன்னும் பின்னும் ஆடியதே தவிர வெளியே போகவில்லை. குளங்கள் தூர்ந்தன. பிறகு வந்த திருத்தம் ஒருவழி ஓட்டம்: ஒரு வாய்க்காலின் மதகு ஓதம் ஏறும்போது மட்டும் திறக்கும், அடுத்ததன் மதகு இறங்கும்போது மட்டும். நீர் ஒரு பக்கம் நுழைந்து, வயலைக் கழுவி, மறுபக்கம் வெளியேறும். ஒரு குடும்பம் ஊரை விட்டுப் போய் அதன் பங்கு வாய்க்கால் தூர்ந்தால், அண்டை வயலும் சேர்ந்து புளிக்கும். இப்படிக் கைவிடப்பட்டதை 'தூங்கும் நிலம்' என்பார்கள்.

இத்தனையும் தெரிந்த பிறகும் 1995-ல் அதிபர் சுகார்த்தோவின் அரசு மத்தியக் கலிமந்தானில் (போர்னியோவின் இந்தோனேசியப் பகுதிக்குக் கலிமந்தான் என்று பெயர்) பத்து லட்சம் ஹெக்டேரை நெல்வயலாக்கப் புறப்பட்டது. செடிகொடி மக்கிப் படிந்த கரிச்சதுப்பைக் கால்வாய்களால் கீறினார்கள். 1997-ல் அது எரிந்தது. 1999-ல் திட்டம் கைவிடப்பட்டது. அதைப் பேசத் தனியாக ஒரு மாலைப்பொழுது வேண்டும்.

பழைய ஊர்களில் இன்று வேலை செய்வது 'தாபாட்' என்ற சிறு தடுப்பு. 'காலம்' மரக் கம்பு, மண், நடுவில் பலகை. மழை தொடங்கியதும் பலகையை எடுத்துவிடுவார்கள். ஆண்டிலேயே அதிகம் புளித்தது அந்த முதல் வாரங்களின் நீர். மீனே செத்து மிதக்கும். அது வெளியேறட்டும். மழை ஓயும் ஏப்ரலை ஒட்டிப் பலகையைப் போட்டு, பைரைட் நனைந்தபடி இருக்க நீரை நிறுத்துவார்கள். நெல்காரருக்குப் பலகை உயரமாக வேண்டும், ஆரஞ்சுக்காரருக்குத் தாழ்வாக வேண்டும், படகுக்காரருக்குத் தடுப்பே கூடாது. அதனால் பல ஊர்களில் நடுப்பகுதியைத் தாழ்த்தி, சிறு படகு தாண்டும் அகலத்துக்கு வழிவிட்டுக் கட்டுகிறார்கள்.