18 வயதுக்கு அப்புறம் எங்கே படுப்பது?

[காட்சி: ராமேஸ்வரம் மீன்பிடித் துறைமுகம், அதிகாலை. ஐஸ் பெட்டிகள், வரிசையாகக் கட்டிக் கிடக்கும் விசைப்படகுகள்.]

வணக்கம். மணி நாலரை. அந்தக் கடைசிப் படகில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு ஒருத்தன் சுருண்டு கிடக்கிறானே, தெரிகிறதா? யார் பார்த்தாலும் காவலுக்குப் படுத்திருக்கிறான் என்றுதான் நினைப்பார்கள், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். அவனுக்குப் படுக்க வேறு இடமே கிடையாது என்பது மீன்பிடித் தடைக்காலம் வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. முகத்தைக் காட்டமாட்டேன், பேரும் சொல்லமாட்டேன். தம்பி என்றே சொல்கிறேன். அப்போது அவனுக்கு வயது 19.

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது, நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள். வீடு உள்ளவனுக்கு அது வேலை இல்லாத இரண்டு மாசம், ஆனால் படகிலேயே படுப்பவனுக்குக் கூலியும் போச்சு, கூரையும் போச்சு. தம்பி அந்த இரண்டு மாசமும் பஸ் ஸ்டாண்டு, அக்னி தீர்த்தக் கரை, ரத வீதித் திண்ணை என்று மாறி மாறிப் படுத்தான், மதியம் கோயில் அன்னதானம். இந்த ஊரில் யாத்திரை வந்தவர்கள் ராத்திரி வெளியே படுத்திருப்பது சாதாரணம் என்பதால், அவர்களுக்கு நடுவில் வீடே இல்லாத ஒரு பையன் படுத்திருப்பது யார் கண்ணிலும் படுவதில்லை.

சொந்த ஊருக்குப் போக வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாத வீடு, குடியால் உடைந்த வீடு, திருநங்கை என்று தெரிந்ததும் வெளியே அனுப்பிய வீடு, அம்மா மறுகல்யாணம் பண்ணிக்கொண்டதும் இவன் வேண்டாதவனாகிப் போன வீடு. இவற்றில் எதற்குத் திரும்பிப் போவது? சில பேர் வெளியூரிலிருந்து ரயிலேறி வந்தவர்கள். தண்டவாளம் இங்கேதான் முடிகிறது, வந்தவன் இறங்கித்தானே ஆக வேண்டும்.

[காட்சி: பாம்பன் பாலத்தில் போகும் ரயில்.]

சரி, என்ன செய்யலாம்? வயதுக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் நாம் கோட்டை விடுகிறோம். 18 நிறையாத பையனோ பொண்ணோ போக்கிடம் இல்லாமல் தனியாகத் தங்குவதைப் பார்த்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் பண்ணுங்கள். காசு கிடையாது, ராத்திரியும் எடுப்பார்கள். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் அந்தப் பிள்ளையைக் குழந்தைகள் நலக் குழு முன்னால் நிறுத்த வேண்டும். குடும்பத்தோடு சேர்க்க முடியுமா என்று பார்ப்பார்கள், முடியாவிட்டால் பதிவு பெற்ற இல்லத்தில் தங்க வைப்பார்கள். அந்த மாதிரி இல்லத்தில் வளர்ந்து 18 முடிந்து வெளியே வருகிறவர்களுக்குத்தான் பிற்காப்பு என்று, இல்லத்தை விட்டு வந்த பிறகும் துணை நிற்கும் ஒரு ஏற்பாடு இருக்கிறது, 21 வயது வரை, தேவைப்பட்டால் 23 வரை. மத்திய அரசின் மிஷன் வத்சல்யா திட்டத்தில் இதற்கு ஒருத்தருக்கு மாசம் 4000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். ராமநாதபுரத்தில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் போய்க் கேட்க வேண்டும்.

இல்லத்துக்குள் காலே வைக்காமல், படகிலும் பிளாட்பாரத்திலும் 18-ஐத் தாண்டி வந்தவனுக்கு அந்த 4000 கிடையாது. நம் தம்பி அப்படித்தான் வெளியே நின்றான். 16 வயதிலிருந்தே துறைமுகத்தில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தான், எத்தனையோ பேர் பார்த்தோம், ஒருத்தருக்கும் போன் பண்ணத் தோன்றவில்லை. எனக்கும்தான். அதனால் 17 வயதுப் பையனைப் பார்த்தால், இன்னும் கொஞ்ச நாளில் பெரியவனாகிவிடுவான், பிழைத்துக்கொள்வான் என்று விட்டுவிடாதீர்கள். அந்தக் கொஞ்ச நாளுக்குள் அவன் பேர் ஒரு பதிவேட்டில் ஏறினால்தான் பின்னால் கேட்க வழி இருக்கும்.

18 தாண்டியவனுக்கு? நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து முதலில் செய்தது தப்பு. வேலை வாங்கிக் கொடுத்தால் எல்லாம் தானாகச் சரியாகும் என்று நினைத்து ஒரு மெக்கானிக் பட்டறையில் சேர்த்துவிட்டோம். ராத்திரி தூக்கம் இல்லை, குளிக்க இடம் இல்லை, துவைத்த சட்டை இல்லை, பத்தே நாளில் வேலை போய்விட்டது. அப்புறம்தான் வரிசையை மாற்றினோம். உலகத்தில் இதற்கு முன்மாதிரி இருக்கிறது: 1992-இல் நியூயார்க்கில், குடியை விட்டால் வீடு, ஒழுங்காக இருந்தால் வீடு என்று நிபந்தனை போடாமல், முதலில் வீட்டைக் கொடுத்துவிட்டு மற்றதைப் பிறகு பேசும் முறையைத் தொடங்கினார்கள். பின்லாந்து 2008-லிருந்து அதையே அரசுக் கொள்கையாக நடத்துகிறது. அங்கே அரசாங்கம் வீடு தருகிறது. இங்கே நாங்கள் தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில், பத்துக்குப் பத்து அறை ஒன்றைத் தேடிப் பிடித்தோம்.

வாடகை மாசம் 1800. அதைவிட அட்வான்ஸ்தான் பெரிய மலை. அதைவிடவும் பெரியது வீட்டுக்கார அம்மா கேட்ட கேள்வி: "தம்பி யார் வீட்டுப் பிள்ளை? ஒண்ணுன்னா நான் யாரைக் கேக்குறது?" நியாயமான கேள்வி. என்னைக் கேளுங்கள் அக்கா என்று எங்களில் ஒருத்தர் சொன்னபோதுதான் சாவி கைக்கு வந்தது.

[காட்சி: அறைக் கதவு, ஆணியில் தொங்கும் துணிப்பை.]

முதல் ஒரு வாரம் அவன் அறைக்குள் படுக்கவே இல்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டு வாசலில் படுத்தான், உள்ளே காற்று இல்லை என்றான். வேலைக்குப் போகும்போது தன் துணி, போர்வை, சீப்பு, சோப்பு எல்லாவற்றையும் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டே போவான். வைத்துவிட்டுப் போனால் வந்து பார்க்கும்போது இருக்காது என்பது அத்தனை வருஷத்துப் பழக்கம். அந்தப் பை நீங்கள் பார்க்கிற இந்த ஆணிக்கு வந்து சேர நாலு மாசம் ஆனது. யாரும் அவனிடம் அதைப் பற்றிப் பேசவில்லை.

விலாசம் வந்ததும் காகித வேலைகள் ஆரம்பித்தன. வாடகை ஒப்பந்தத்தை முதல் நாளே எழுதி வாங்கிவிடுங்கள், 11 மாசத்துக்குப் போட்டாலும் பரவாயில்லை. ஆதாருக்கென்றே ஒரு சான்றிதழ் படிவம் இருக்கிறது, எம்.எல்.ஏ., தாசில்தார் போன்றவர்கள் கையெழுத்துப் போட்டால் விலாசத்துக்கு அதையே எடுத்துக்கொள்வார்கள். கையில் ஒரு அட்டைகூட இல்லாதவனும் வங்கியில் போட்டோவைக் கொடுத்து, அதிகாரி முன்னால் கையெழுத்தோ கைரேகையோ வைத்துச் சிறு கணக்குத் தொடங்கலாம், ரிசர்வ் வங்கி விதியே அனுமதிக்கிறது. 50,000 ரூபாய்க்கு மேல் வைத்திருக்க முடியாது, மாசம் 10,000-க்கு மேல் எடுக்க முடியாது, முதலில் 12 மாசம்தான் செல்லும், அதற்குள் ஆதாரை முடித்துவிட வேண்டும். எங்களுக்கு இது தெரியாமல் மூன்று தடவை அலைந்தோம். சமையலுக்கு 5 கிலோ சின்ன சிலிண்டர் போதும், அதற்கு விலாசச் சான்று கேட்கமாட்டார்கள், அடையாள அட்டை ஒன்று காட்டினால் சரி. வாக்காளர் அட்டைக்கு வீடே தேவையில்லை: வீடற்றவர் தான் படுக்கிற இடத்தைப் படிவம் 6-இல் எழுதிக் கொடுத்தால், வாக்குச்சாவடி நிலை அலுவலர் ராத்திரியில் அங்கே வந்து, ஆள் உண்மையிலேயே அங்கே தூங்குகிறாரா என்று பார்த்துப் பேரைச் சேர்க்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு மனசு என்னவோ செய்தது.

வேலை, படிப்பு இரண்டும் அதற்குப் பிறகுதான். பத்தாவது முடித்திருந்தால் பரமக்குடி அரசு ஐ.டி.ஐ. பக்கம் போகலாம், கட்டணம் இல்லை, மாசம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவனாக இருந்தால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாசம் 1000, பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் 1000. கூட்டினாலும் வாடகைக்கே காணாது, ஆகவே சாயங்கால வேலை ஒன்றும் பார்த்துத் தர வேண்டியிருக்கும். தம்பி இப்போது படகு டீசல் இன்ஜின் பழுது பார்க்கும் ஒருவரிடம் கை வேலைக்கு நிற்கிறான். தடைக்காலத்தில் எல்லாருக்கும் வேலை குறையும், இந்தத் தொழிலில் அப்போதுதான் கூடும். அதை யோசித்தே தேர்ந்தெடுத்தோம்.

பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் கஷ்டம். பாசி எடுக்கவும் கருவாட்டுக் கொட்டகைக்கும் போகிற பிள்ளைகள் தனியாக அறை கேட்டால் வீட்டுக்காரர்கள் தருவதே இல்லை. இரண்டு பேர் சேர்ந்து, வயதான ஒரு அக்கா வீட்டில் ஒட்டுக்குடித்தனமாகத் தங்குவதுதான் இதுவரை எங்களுக்குச் சரிப்பட்டு வந்திருக்கிறது. ஆபத்து என்றால் பெண்கள் உதவி எண் 181, ராத்திரி பகல் எப்போதும்.

மண்டபத்திலிருந்து ராமேஸ்வரம் வரை யார் வீட்டிலாவது பூட்டிக் கிடக்கும் பின்கட்டு இருந்தால் சொல்லுங்கள். ஏப்ரல் 15-க்கு முன்னால் இன்னும் இரண்டு பேருக்கு இடம் பார்க்க வேண்டும். முதல் மூன்று மாச வாடகை எங்கள் பொறுப்பு, ஒப்பந்தத்தில் எங்களில் ஒருத்தர் கையெழுத்தும் இருக்கும். சுவரில் ஒரு ஆணி மட்டும் அடித்து வையுங்கள்.