பெங்களூரில் வைத்த டைமிங்

நேயர்களுக்கு வணக்கம். பட்டறையில் இக்னிஷன் டைமிங்கை, அதாவது பிளக்கில் பொறி விழும் நேரத்தை, சீக்கிரமாக்கிக் கூட்டி வைத்த டர்போ வண்டி எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் சத்தமில்லாமல் பறக்கும். மே மாத லீவுக்குச் சென்னைக்குக் கிளம்பி, கிருஷ்ணகிரி இறக்கம் முடிந்து வேலூர் தாண்டி மிதித்தால், தகர டப்பாவில் கோலிக்குண்டு உருட்டினாற்போல் இன்ஜின் தட்டும், அதாவது சிலிண்டரில் கலவை கட்டுப்பாடில்லாமல் தானே பற்றி அடிக்கும். யாரும் எதையும் மாற்றவில்லை, காற்றுதான் மாறியிருக்கிறது.

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய 91 கிலோபாஸ்கல், சென்னையில் 101. பூஸ்ட் (டர்போ அமுக்கித் தரும் அழுத்தம்) மீட்டர் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு என்பதை மட்டும்தான். பூஸ்ட் அளவு மீறாமல் தடுக்கும் வேஸ்ட்கேட் வால்வின் ஸ்பிரிங்கை மட்டும் நம்பி 1 பார் (100 கிலோபாஸ்கல்) வைத்த வண்டியில், சிலிண்டருக்குப் போவது இங்கே 191, அங்கே 201 கிலோபாஸ்கல். பட்டறைக்காரர்களின் அழுத்த அலகான பிஎஸ்ஐயில் ஏறக்குறைய ஒன்றரை கூடுதல். ஒரு பிஎஸ்ஐக்கு ஒரு டிகிரி டைமிங்கைப் பின்வாங்க வேண்டும் என்பது பட்டறைக் கணக்கு. இதில் சென்னை வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போதாக்குறைக்கு, இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியூவில், எந்த அழுத்தத்துக்கு எத்தனை டிகிரி என்று எழுதிய டைமிங் மேப்பில் 200 கிலோபாஸ்கல் வரிசையை இங்கே இன்ஜின் தொட்டே இருக்காது. அதில் யாரோ குத்துமதிப்பாகப் போட்ட எண்தான் இருக்கும். அந்த வரிசையை இங்கிருக்கும்போதே இரண்டு டிகிரி குறைத்து நிரப்பிவையுங்கள்.

டைமிங்கில் கை வைப்பது கடைசி வேலை. முதலில் பிளக். பூஸ்ட் கூட்டினால் ஒரு படி குளிர்ந்த, அதாவது சூட்டை வேகமாக வெளியேற்றும், பிளக் போடுங்கள். என்ஜிகேயில் எண் ஏற ஏறக் குளிர்ச்சி, போஷில் அப்படியே தலைகீழ். ஜேசி ரோடு கடையில் வாங்கும்போது இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து 0.6 அல்லது 0.7 மில்லிமீட்டருக்குக் கொண்டுவாருங்கள். அகலமாக விட்டால் அழுத்தத்தில் பொறி அணைந்து இன்ஜின் விக்கும். அதைப் பெட்ரோல் குறை என்று நினைத்து பம்ப்பை மாற்றியவர்கள் உண்டு.

அடுத்து பெட்ரோல். 20 சதவீத எத்தனால் கலந்த இ20க்குச் சுத்தப் பெட்ரோலைவிட ஏறக்குறைய 8 சதவீதம் கூடுதலாக ஊற்ற வேண்டும். இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் 85 சதவீதத்தைத் தாண்டினால் பெரிய இன்ஜெக்டர் வாங்குங்கள். எக்ஸாஸ்டில் கலவையை அளக்கும் வைட்பேண்ட் மீட்டரில், சுத்தப் பெட்ரோலுக்கான 14.7 என்ற காற்று-பெட்ரோல் விகிதக் கணக்கை மறந்துவிட்டு லாம்டாவைப் பாருங்கள் (1 என்றால் சரியான கலவை, அதற்குக் கீழ் என்றால் பெட்ரோல் கூடுதல்). முழு மிதியில் 0.80 பக்கம் இருக்கட்டும்.

இப்போது டைமிங். ஈசியூவில் 10 டிகிரி என்று பூட்டிவிட்டு, முதல் சிலிண்டர் காயிலுக்கும் பிளக்குக்கும் நடுவே ஒரு ஒயர் கொடுத்து, டைமிங் லைட்டை கிராங்க் புல்லியில் அடித்துப் பாருங்கள். புல்லியிலும் 10 தெரிய வேண்டும். 1000 ஆர்பிஎம்மில் சரியாக இருந்து 4000இல் குறி நகர்ந்தால், சென்சார் தாமதக் கணக்கு தவறு. இதைச் சரிசெய்யாமல் மேலே மேப் போடுவது, தராசைச் சரிபார்க்காமல் தங்கம் நிறுப்பதுதான். பிறகு வண்டியின் இழுவையை அளக்கும் டைனோ மேடையில் ஒவ்வொரு டிகிரியாக ஏற்றுங்கள். டார்க் (முறுக்கு விசை) ஏறாமல் நின்றாலோ, தட்டத் தொடங்கினாலோ, இரண்டு டிகிரி கீழே வந்துவிடுங்கள். பங்க் பெட்ரோலில் பெரும்பாலும் தட்டல்தான் முந்திக்கொள்ளும்.

காதுக்குக் கேட்கவில்லை என்பதால் தட்டவில்லை என்று அர்த்தமில்லை. கம்பெனி ஈசியூ சத்தம் காட்டாமல் டைமிங்கில் மூன்று நான்கு டிகிரி பிடுங்கிக்கொள்ளும். ஸ்கேனரில் அதைப் பாருங்கள். பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் போலக் கறுப்புப் புள்ளி இருந்தால் எச்சரிக்கை. வெள்ளி மினுக்கம் தெரிந்தால் அது பிஸ்டனிலிருந்து பெயர்ந்த அலுமினியம். வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். பயந்து டைமிங்கை ஒரேயடியாகப் பின்னுக்குத் தள்ளினாலும் வினைதான்: தீ எக்ஸாஸ்டில் போய் எரியும், டர்பைன் செவசெவவென்று பழுக்கும்.

பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் 1 லிட்டர் டைரக்ட் இன்ஜெக்ஷன் வண்டிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. மேம்பால ஏற்றத்தில், ஐந்தாவது கியரில், 1500 ஆர்பிஎம்மில் ஒரேயடியாக மிதித்தால் சம்மட்டி அடித்தாற்போல் ஒரே ஒரு அடி கேட்கலாம். பொறி விழுவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றுவதால் வருவது அது. இன்ஜின் எண்ணெய்த் துளிக்கும் அதில் பங்குண்டு. டைமிங்கைக் குறைத்து அதைத் தீர்க்க முடியாது. டப்பாவில் ஏபிஐ எஸ்பி என்ற தரக்குறி உள்ள இன்ஜின் எண்ணெய் ஊற்றுங்கள், கியரை இறக்குங்கள்.

சில்க் போர்டு நெரிசலில் அரை மணி நேரம் நின்றால் டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரே அடுப்பாகிவிடும். உள்ளே போகும் காற்று 50 டிகிரியைத் தாண்டினால், ஒவ்வொரு 10 டிகிரி வெப்பத்துக்கும் ஒன்று, ஒன்றரை டிகிரி டைமிங்கைக் குறைக்கும்படி ஈசியூவில் எழுதிவையுங்கள்.

தட்டலைக் கூடுதலாகத் தாங்கும் 95 ஆக்டேன் பெட்ரோலுக்குப் போட்ட மேப் என்றால், நெடுஞ்சாலைச் சின்ன பங்க்கில் அது கிடைக்காமல் போகலாம். பூஸ்ட் குறைந்த இரண்டாவது மேப் ஒன்றை சுவிட்சில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வசதி இல்லையென்றால், டாங்க்கில் மறுபடி நல்ல பெட்ரோல் நிரப்பும்வரை பூஸ்ட் முள் அரை பாரைத் தாண்டாமல் காலைத் தூக்கியே ஓட்டுங்கள். வணக்கம்.