"வீட்டை விற்காதீர்கள்" என்றார்கள்

தோழர்களே, வணக்கம்.

மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் வேலை பார்த்தவர்கள் சிலர் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று தலைவர் சொன்னார். இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துகிறோம் என்று 2021 செப்டம்பர் 9-ஆம் தேதி வந்த அறிவிப்பைப் பற்றி உங்களுக்கு நான் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஃபோர்டு மாதிரிக் கம்பெனிகள் பிறந்த அமெரிக்காவிலேயே கார் தொழிலாளிக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ஆலை மூடல் என்றால் ஒரு நாள் காலையில் போய்ப் பார்க்கும்போது கேட்டில் பூட்டுத் தொங்கும் என்றுதான் நமக்குத் தோன்றும். ஓஹையோ மாநிலத்து லார்ட்ஸ்டவுனில் அப்படி நடக்கவில்லை. 1966 முதல் ஜெனரல் மோட்டார்ஸ் கார் செய்த ஊர் அது. கடைசியாக அங்கே ஓடியது செவ்ரோலே குரூஸ் என்ற சின்னக் கார். மூன்று ஷிப்டும் ஓடிக்கொண்டிருந்த ஆலையில் 2017 ஜனவரியில் மூன்றாம் ஷிப்டை நிறுத்தினார்கள். 2018 ஜூனில் இரண்டாம் ஷிப்டும் போனது. அதே ஜூனில்தான் பிளேஸர் என்ற புது வண்டியை மெக்சிகோவில் செய்யப்போவதாக அறிவித்தார்கள். நவம்பர் 26-ஆம் தேதி பெரிய அறிவிப்பு வந்தது: அமெரிக்காவிலும் கனடாவிலும் ஐந்து ஆலைகள், சுமார் 14,000 வேலைகள். மூடுகிறோம் என்று சொல்லவில்லை. இந்த ஆலைகளுக்கு இனி தயாரிப்பு ஒதுக்கவில்லை என்றார்கள். ஒப்பந்த காலத்தில் ஆலையை மூடக்கூடாது என்று தொழிற்சங்கம் எழுதி வாங்கியிருந்தது. அதனால் வார்த்தையை மாற்றினார்கள். சங்கம் கோர்ட்டுக்குப் போனது. ஆனால் 2019 மார்ச் 6-ஆம் தேதி கடைசிக் கார், ஒரு வெள்ளை குரூஸ், லைனை விட்டு இறங்கிவிட்டது.

லைன் நின்றால் அந்த ஆலையோடு முடிவதில்லை. கார் இருக்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். லைனில் எந்த நிறக் கார், எந்த மாடல், எந்த வரிசையில் வருகிறது என்ற தகவல் இருக்கை செய்யும் ஆலைக்குப் போகும். அங்கே அதே வரிசையில் இருக்கைகளைத் தயார் செய்து லாரியில் ஏற்றுவார்கள். சில மணி நேரத்தில் வந்து இறங்கி நேரே காருக்குள் போகும். நடுவில் கிடங்கு என்று ஒன்று கிடையாது. கார் நின்ற அன்றே இருக்கைக்கும் வேலை இல்லை. விஸ்கான்சின் மாநிலத்து ஜேன்ஸ்வில்லில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை நின்றபோது, அதற்கு இருக்கை செய்த லியர் ஆலையும் அப்படித்தான் மூடியது.

ஜேன்ஸ்வில் 1923-லிருந்து செவ்ரோலே செய்த ஊர். அங்கே செய்தது டாஹோ போன்ற பெரிய பெரிய வண்டிகள். 2008 கோடையில் பெட்ரோல் விலை கேலனுக்கு 4 டாலரைத் தாண்டியதும் பெரிய வண்டியை வாங்க ஆள் இல்லை. 2008 டிசம்பர் 23, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால், கடைசி டாஹோ இறங்கியது. லார்ட்ஸ்டவுன் தொழிலாளி செய்ததோ சின்னக் கார். பெட்ரோல் விலை இறங்கி, ஜனங்கள் மறுபடி பெரிய வண்டிக்குப் போனதும் அவனுக்கும் வேலை போனது. என்ன வண்டி செய்வது என்று இந்த இரண்டு ஊர்த் தொழிலாளிகளிடமும் யாரும் கேட்டதில்லை. கொடுத்த வண்டியைச் செய்தார்கள். கணக்குத் தப்பியது மேலே இருந்தவர்களுக்கு. வேலை போனது இவர்களுக்கு. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

இந்த இரண்டு ஊருக்கும் பெரிய தலைவர்கள் வந்து வாக்குக் கொடுத்தார்கள். 2008 பிப்ரவரியில், வேட்பாளராக இருந்த ஒபாமா ஜேன்ஸ்வில் ஆலைக்கே வந்து, அரசாங்கம் துணை நின்றால் இந்த ஆலை இன்னும் நூறு வருஷம் இருக்கும் என்றார். ஆலை நின்றபோது அவர் இன்னும் பதவி ஏற்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். 2017 ஜூலையில் அதிபர் டிரம்ப், லார்ட்ஸ்டவுனுக்குப் பக்கத்து ஊரான யங்ஸ்டவுனில் பேசினார். வேலைகள் எல்லாம் திரும்பி வரும், ஊரை விட்டுப் போகாதீர்கள், வீட்டை விற்காதீர்கள் என்றார்.

அந்த வீட்டில்தான் எல்லாமே சிக்கிக்கொண்டது. தொழிலாளி அந்த வீட்டை முப்பது வருஷத் தவணையில் வாங்கியிருக்கிறான். ஆலை இருக்கும் நம்பிக்கையில்தான் வங்கி கடன் கொடுத்தது, அவனும் வாங்கினான். ஆலை போனதும் ஒரே தெருவில் பலபேர் விற்க வருகிறார்கள். வாங்க யார் வருவார்? சங்கத்தின் பழைய பெரிய வெற்றி ஒன்று உண்டு: முப்பது வருஷ சர்வீஸ் முடித்தால் முழு பென்ஷன். 1970-இல் வேலைநிறுத்தம் செய்து வாங்கியது. இருபத்துநான்கு வருஷம் முடித்தவனுக்கு அதுவே இப்போது பிடியாகிவிட்டது. மிச்சம் ஆறு வருஷத்தை வேறு ஊரில் போய்த்தான் முடிக்க வேண்டும். ஜேன்ஸ்வில்காரர்கள் பலர் இண்டியானாவின் ஃபோர்ட் வெய்ன் ஆலைக்கு டிரான்ஸ்பர் வாங்கினார்கள். காரில் நாலரை மணி நேரம். பெண்டாட்டி பிள்ளைகள் இங்கே. இவர் அங்கே மூன்று நான்கு பேரோடு ஒரு வாடகை வீட்டில். வாரக் கடைசியில் வந்து துணியைத் துவைத்துக்கொண்டு திரும்பவும் கிளம்புவது.

2009 ஜூன் 1-ஆம் தேதி ஜெனரல் மோட்டார்ஸே திவால் மனு போட்டது. நாற்பதே நாளில் பழைய கடன்களில் பெரும்பகுதியை உதறிவிட்டுப் புதுக் கம்பெனியாக வெளியே வந்தது. அதற்கும் கிரைஸ்லர் என்ற இன்னொரு கார் கம்பெனிக்கும் இவற்றோடு சேர்ந்த கடன் கம்பெனிகளுக்கும் சேர்த்து மக்கள் வரிப்பணம் சுமார் 8,000 கோடி டாலர் போனது. அந்த உதவி தப்பென்று நான் சொல்லமாட்டேன். அது இல்லையென்றால் இன்னும் பல லட்சம் பேர் தெருவுக்கு வந்திருப்பார்கள். ஆனால் கம்பெனியின் கடனுக்கு நாற்பது நாளில் வழி கண்டுபிடித்த நாட்டில், அந்தக் கம்பெனியை நம்பி வாங்கிய வீட்டின் கடனுக்கு யாரும் வழி தேடவில்லை. அமெரிக்கச் சட்டப்படி ஆலையை மூட 60 நாள் முன்னறிவிப்புப் போதும். அறுபது நாளில் யாரால் ஒரு வீட்டை விற்க முடியும்? ஒரு வருஷ முன்னறிவிப்பு வேண்டும். மூடும் கம்பெனி, அறிவிப்புக்கு முந்தைய விலைக்கு வீட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். எந்தச் சங்கமும் அடுத்த ஒப்பந்தத்தில் இதை எழுதிக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

இல்லினாய் மாநிலத்து பெல்விடியரில், கிரைஸ்லரை இப்போது வைத்திருக்கும் ஸ்டெல்லாண்டிஸ் கம்பெனியின் ஆலை 2023 பிப்ரவரி 28-ஆம் தேதி நின்றது. அந்த வருஷ வேலைநிறுத்தத்தில் சங்கம் போராடி, திறக்கிறோம் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியது. பிறகு தள்ளிப்போட்டார்கள். 2025 ஜனவரியில் மறுபடி ஒரு வாக்கு: 2027-இல் திறப்போம், சுமார் 1,500 பேரைத் திரும்பக் கூப்பிடுவோம். வேலைக்காக வெளி மாநிலம் போனவர்களின் குடும்பங்களுக்கு இப்போது அதே பழைய கேள்விதான். வீட்டை விற்பதா, வைத்திருப்பதா?