தடிப்பே இல்ல, ஆனா அரிக்குது! மாசமா இருக்கும்போது தோல்ல என்ன நடக்குது?

(கருப்பு ஸ்கிரீன், சொறியுற சத்தம் மட்டும்)

நடுராத்திரி. உள்ளங்கையும் உள்ளங்காலும் பிடுங்குற மாதிரி அரிக்குது, எழுந்து லைட்ட போட்டு பாத்தா ஒரு தடிப்பு கூட இல்ல, சொறிஞ்ச கோடு மட்டும்தான். மாசமா இருக்கும்போது இப்படி ஆனா "ட்ரை ஸ்கின்தான்"னு விட்றாதீங்க, இந்த வீடியோவே அதுக்காகத்தான்.

(வயிறு படம்)

மொதல்ல பயப்பட வேண்டாதத முடிச்சிடலாம். தொப்புள் வழியா நேரா ஓடுற கருப்பு கோடு, கன்னத்துலயும் நெத்தியிலயும் விழுற மங்கு, அக்குள் கருக்குறது, எல்லாம் ஹார்மோன் ஏறுறதால தோலுக்கு நிறம் தர்ற மெலனின் கூடுறதுதான். கோட்ட வச்சு ஆணா பொண்ணான்னு சொல்றவங்க இருக்காங்க, பாவம் அந்தக் கோட்டுக்கு அதெல்லாம் தெரியாது. மங்குக்கு வெயில்தான் எதிரி, எஸ்.பி.எஃப் 30க்கு குறையாத சன்ஸ்க்ரீன் போடுங்க. ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை மருந்து) இருக்குற பழைய பரு க்ரீம் வீட்ல கெடந்தா தொடவே வேணாம். வயித்து வரிக்குன்னு விக்குற எண்ணெய் எல்லாம் தடவினா இதமா இருக்கும், வரி விழாம தடுக்கும்னு சொல்ல பெருசா ஆதாரம் இல்ல.

(வரி மேல செவப்பு தடிப்பு)

வயிறு விரியும்போது லேசா அரிக்குறது சகஜம். கடைசி வாரங்கள்ல, பெரும்பாலும் தலைப்பிரசவத்துல, அந்த வரி மேலயே செவப்பா தடிப்பு கெளம்பி தொடை வரைக்கும் போகும், தொப்புள மட்டும் விட்டுவைக்கும். அரிப்பு உயிர வாங்கும், குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது. அதுவே தொப்புளச் சுத்தி ஆரம்பிச்சு நீர்க்கொப்புளமா மாறினா வேற கதை, பெம்ஃபிகாய்டுன்னு அபூர்வமா வர்றது, ஸ்கின் டாக்டர் பாத்தே ஆகணும்.

(கல்லீரல் படம்)

இப்ப அந்த ராத்திரி அரிப்பு. காரணம் தோல்லயே இல்ல, கல்லீரல்ல. பித்தநீர் ஓட்டம் மந்தமாகி அதுல இருக்குற பைல் ஆசிட்ங்குற பித்த அமிலம் ரத்தத்துல தேங்குது, கொலஸ்டேசிஸ்னு சொல்வாங்க, பெரும்பாலும் 28 வாரத்துக்கு அப்புறம் வரும். அம்மாவுக்கு அரிப்புதான் தொல்லை, ஆனா பைல் ஆசிட் லிட்டருக்கு 100 மைக்ரோமோலைத் தொட்டா குழந்தை வயித்துலயே இறந்துபோற ஆபத்து நல்லாவே கூடுது, அதனாலதான் இவ்ளோ அழுத்தி சொல்றேன். டாக்டர்கிட்ட சும்மா "அரிக்குது"ன்னு சொல்லாம எங்க, எப்ப, தடிப்பு இருக்கா இல்லையான்னு சொல்லி பைல் ஆசிட் டெஸ்ட்டும் லிவர் டெஸ்ட்டும் எடுக்கலாமான்னு நீங்களே கேளுங்க, மொத ரிசல்ட் நார்மல்னு வந்தும் அரிப்பு நிக்கலன்னா திரும்ப எடுக்கணும், ஏன்னா சில பேருக்கு அரிப்பு முன்னாடி வரும், ரத்தத்துல மாற்றம் அப்புறம்தான் தெரியும். கண்ணு மஞ்சளாச்சுன்னா மறுநாள் வரைக்கும் கூட காத்திருக்காதீங்க.

பிரசவம் ஆனதும் அரிப்பு தன்னால போயிடும். அடுத்த தடவையும் வர வாய்ப்பு அதிகம், அதனால அப்ப மொத செக்கப்லயே இத சொல்லிடுங்க.