யாருடைய இரத்தம், யாருடைய வரலாறு? மக்கள்தொகை மரபியல் ஆய்வும் அதன் அறக் கேள்விகளும்

(திரையில்: செந்நிறப் பாறைச் சுவர்கள் சூழ்ந்த ஆழமான பள்ளத்தாக்கு. அதன் அடியில் ஓர் ஓடையும் சிறு குடியிருப்பும்.)

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் அடிவாரத்தில், ஹவசுப்பாய் என்னும் சிறிய பழங்குடிச் சமூகம் வாழ்ந்து வருகிறது. இச்சமூகத்தில் நீரிழிவு நோய் மிகப் பரவலாக இருந்ததால், அதன் காரணத்தைக் கண்டறிய உதவ முடியுமா என்று அவர்கள் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களை நாடினார்கள். 1990-இல் இரத்த மாதிரிகள் சேகரிக்கப்படத் தொடங்கின. இரத்தத்தைப் புனிதமாகக் கருதும் மக்கள், தங்கள் பிள்ளைகளின் நலனுக்காக என்று நம்பிக் கையை நீட்டினார்கள்.

2003-ஆம் ஆண்டில் அச்சமூகத்தைச் சேர்ந்த ஒரு பெண் அதே பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வைக் கேட்க அமர்ந்திருந்தார். மேடையில் விளக்கப்பட்டுக்கொண்டிருந்த முடிவுகள் தம் மக்களின் இரத்தத்திலிருந்து வந்தவை என்பதையும், அவற்றுக்கும் நீரிழிவு நோய்க்கும் தொடர்பே இல்லை என்பதையும் அவர் அங்கேதான் அறிந்தார். இதற்கு எங்கள் அனுமதியைப் பெற்றீர்களா என்று அவர் எழுப்பிய கேள்வி, 2010 வரை நீடித்த ஒரு வழக்கின் தொடக்கமாக அமைந்தது. அந்த மாதிரிகள் மனச்சிதைவு நோய் பற்றியும், உறவுக்குள் திருமணம் செய்வதால் ஏற்படும் மரபு நெருக்கம் பற்றியும், இம்மக்களின் முன்னோர் ஆசியாவிலிருந்து புலம்பெயர்ந்து வந்த பாதை பற்றியும் ஆராயப் பயன்பட்டிருந்தன. தாங்கள் இந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் என்பது ஹவசுப்பாய் மக்களின் நம்பிக்கை. நிலத்தின் மீது அவர்கள் கொண்டிருக்கும் உரிமை உணர்வும் அந்த நம்பிக்கையோடு பிணைந்ததாகும்.

இங்கே ஒரு விவரத்தைக் கவனிக்க வேண்டும். ஒப்புதல் படிவம் என்று ஒன்று இல்லாமல் இல்லை. நடத்தை சார்ந்த மற்றும் மருத்துவம் சார்ந்த கோளாறுகளின் காரணங்களை ஆராய்வதற்கு என்ற விரிந்த வாசகம் அதில் இருந்தது. ஆனால் மக்களிடம் நேரில் பேசப்பட்டது நீரிழிவைப் பற்றி மட்டுமே. தாளில் இருந்த ஒப்புதலும் மனத்தில் இருந்த ஒப்புதலும் வெவ்வேறாக இருந்தன. நான் படித்தறிந்த வரையில், இத்துறையின் அறச் சிக்கல்களில் பெரும்பாலானவை அந்த இடைவெளியில்தான் முளைக்கின்றன.

(திரையில்: பல மனித உருவங்கள். ஒவ்வோர் உருவத்திலிருந்தும் மற்றவற்றை நோக்கி மெல்லிய கோடுகள் நீள்கின்றன.)

மருத்துவ ஆய்வுக்கான ஒப்புதல் முறை தனிமனித உடலை மையமாக வைத்து வடிவமைக்கப்பட்டது. ஒரு மருந்தைச் சோதிக்கும்போது அதன் பயனும் தீங்கும் பெரிதும் அதை உட்கொள்பவரையே சேரும் என்பதால், முழு விவரத்தையும் அறிந்து அவர் ஒப்புக்கொண்டால் போதுமானது. மக்கள்தொகை மரபியல் ஆராயும் பொருளோ தனிமனிதர் அல்லர். ஒரு குறிப்பிட்ட மரபணு வடிவம் ஒரு மக்கள் கூட்டத்தில் எத்தனை பேரிடம் காணப்படுகிறது, மற்றொரு கூட்டத்தில் அந்த விகிதம் ஏன் மாறுகிறது, இரு கூட்டங்களும் எப்போது பிரிந்தன, எப்போது மீண்டும் கலந்தன என்பவையே அதன் கேள்விகள். இருபது பேர் இரத்தம் தந்தால், வெளிவரும் கட்டுரை அந்தச் சமூகத்தைச் சேர்ந்த அனைவரைப் பற்றியும் பேசுகிறது. கையொப்பம் இடாதவர்களும், வேண்டாம் என்று மறுத்தவர்களும், இன்னும் பிறக்காதவர்களும் அந்த முடிவுக்குள் அடங்கிவிடுகிறார்கள்.

ஐஸ்லாந்து நாட்டில் இச்சிக்கல் நீதிமன்றம் வரை சென்றது. மறுப்புத் தெரிவிக்காத குடிமக்கள் அனைவரும் ஒப்புக்கொண்டதாகக் கருதி, நாட்டின் மருத்துவப் பதிவுகளை ஒரே தரவுத்தளத்தில் திரட்ட அந்நாட்டு நாடாளுமன்றம் 1998-இல் சட்டம் இயற்றியது. இறந்துபோன தம் தந்தையின் பதிவுகளைச் சேர்க்கக் கூடாது என்று ஒரு மகள் வழக்குத் தொடுத்தார். தந்தையைப் பற்றிய தகவலிலிருந்து மகளைப் பற்றியும் ஊகிக்க முடியும் என்பதால் மறுக்கும் உரிமை அவருக்கு உண்டு என 2003-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. திட்டமிட்ட அந்தத் தரவுத்தளம் இறுதிவரை உருவாகவே இல்லை.

அப்படியானால் ஒரு சமூகத்தின் சார்பில் ஒப்புதல் அளிக்கும் அதிகாரம் யாருக்கு உண்டு? தெளிவான தலைமையும் எல்லையும் கொண்ட சமூகங்களில் இதற்கு விடை ஓரளவு எளிது. அமெரிக்காவின் நவஹோ பழங்குடி மக்கள் 2002-இல் தங்கள் நிலத்தில் மரபணு ஆய்வுகளை நிறுத்திவைத்தபோது, அந்த முடிவை எடுக்க அவர்களிடம் ஓர் ஆட்சியமைப்பு இருந்தது. ஆனால் உலகின் பெரும்பாலான மக்கள் கூட்டங்களுக்கு அப்படிப்பட்ட அமைப்பு கிடையாது. மேலும், தலைவர்களின் சொல் பெண்களின் சொல்லையோ ஏழைகளின் சொல்லையோ விழுங்கிவிடும் அபாயமும் உண்டு. சமூக ஒப்புதல் தனிமனித ஒப்புதலுக்கு மாற்றாக முடியாது என்பதே என் கருத்து. அது கூடுதலாகக் கடக்க வேண்டிய ஒரு வாசல் மட்டுமே. தலைவர் சம்மதித்த பின்னரும், கையை நீட்ட மறுக்கும் உரிமை ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும்.

(திரையில்: வண்ணப் பட்டைகளால் ஆன ஒரு வரைபடம். முதலில் இரண்டு வண்ணங்கள், பின்னர் ஐந்து, பின்னர் ஆறு.)

இனி, குறைவாகவே பேசப்படும் ஒரு சிக்கலுக்கு வருவோம். அது பெயரிடுதலைப் பற்றியது.

2002-இல் வெளிவந்த ஒரு புகழ்பெற்ற ஆய்வு, 52 மக்கள் கூட்டங்களைச் சேர்ந்த 1056 பேரின் மரபணுத்தொகுதியில் 377 இடங்களை ஒப்பிட்டது. எவர் எந்த ஊரைச் சேர்ந்தவர் என்று சொல்லாமலேயே அவர்களைக் கொத்துகளாகப் பிரிக்கும்படி ஒரு கணினி நிரலுக்குக் கட்டளை தரப்பட்டது. ஐந்து கொத்துகளாகப் பிரித்தபோது அவை பெரும்பாலும் உலகின் பெரும் நிலப்பரப்புகளோடு பொருந்தின. இந்தப் படத்தைக் கண்ட பலர், இனங்கள் உண்டு என்று அறிவியலே நிறுவிவிட்டதாக எழுதினார்கள். ஆனால் எத்தனை கொத்துகள் என்பதை அந்த நிரல் தானாகத் தேர்ந்தெடுக்கவில்லை. அந்த எண்ணை ஆய்வாளர்களே உள்ளிட்டார்கள். ஆறு என்று உள்ளிட்டபோது ஆறாவது கொத்தாகப் பிரிந்து நின்றவர்கள் பாகிஸ்தானின் வடக்கு மலைப்பகுதியில் சில ஆயிரம் பேராக வாழும் கலாஷ் மக்கள். அவர்களை மனித குலத்தின் ஆறாவது பேரினம் என்று எவரும் அழைக்கவில்லை. நீண்ட காலம் தனித்து வாழ்ந்த சிறிய சமூகம் என்பதால் நிரலின் கண்ணுக்கு அவர்கள் வேறுபட்டுத் தெரிந்தார்கள், அவ்வளவே. அதே ஆய்வின்படி, மொத்த மரபு வேறுபாட்டில் 93 முதல் 95 சதவீதம் ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. வண்ணப் படம் உலகமெங்கும் பரவிய அளவுக்கு இந்த எண் பரவவில்லை என்பது எனக்கு இன்றளவும் வருத்தம் தருகிறது.

ஆகவே ஒரு மாதிரிக்கு இடப்படும் பெயர் வெறும் அலுவலகக் குறிப்பாகிவிடாது. மனிதர்களிடையே உள்ள மரபணு வேறுபாடுகளைத் தொகுத்த பன்னாட்டு ஆய்வான, 2002-இல் தொடங்கிய ஹாப்மேப் திட்டம் இதை உணர்ந்து செயல்பட்டது. நைஜீரியாவின் இபாடான் நகரில் வாழும் யொருபா மக்களிடமிருந்து பெற்ற மாதிரிகளை அந்த முழுப் பெயராலேயே குறிப்பிட வேண்டும், ஆப்பிரிக்கர் என்று சுருக்கக் கூடாது என்று அது ஆய்வாளர்களைக் கேட்டுக்கொண்டது. ஒரு நகரத்தின் சில பத்துப் பேர் ஒரு கண்டத்தின் பிரதிநிதிகளாக முடியாது என்பதே அதன் காரணம். பெயர் சுருங்கும்போதெல்லாம் கூற்று விரிந்துவிடுகிறது.

அப்படி விரிந்தால் என்ன நேரும் என்பதற்கு நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் சாட்சி. 2006-இல், மிகச் சிலரை மட்டுமே ஆராய்ந்து, மூளை வேதியியலோடு தொடர்புடைய ஒரு மரபணுவின் குறிப்பிட்ட வடிவம் மாவோரி ஆண்களிடம் கூடுதலாக இருப்பதாக ஒரு மாநாட்டில் தெரிவிக்கப்பட்டது. அந்த வடிவத்துக்கு முன்பே போர்வீர மரபணு என்னும் செல்லப்பெயர் இருந்தது. வன்முறையும் குற்றமும் மாவோரி மக்களின் இரத்தத்திலேயே ஊறியிருப்பதாகச் செய்தித்தாள்கள் எழுதின. சீன ஆண்களிடம் அதே வடிவம் இன்னும் அதிகமாகக் காணப்படுவது முன்னரே பதிவாகியிருந்தும், அவர்களைப் பற்றி அப்படி யாரும் எழுதவில்லை. வறுமை, நிலப்பறிப்பு, வேலையின்மை ஆகியவற்றால் விளையும் துன்பங்களுக்கு மரபணுவைக் காரணமாகக் காட்டினால், அவற்றைச் சரிசெய்ய வேண்டிய பொறுப்பும் அரசின் தோளிலிருந்து இறங்கிவிடுகிறது. எந்த ஊசியும் உடலில் குத்தாமலேயே ஒரு முழுச் சமூகத்துக்கு ஏற்படும் தீங்கு இது. தனிமனித ஒப்புதல் படிவத்தில் இந்தத் தீங்கைக் குறிப்பிட ஓர் இடமே இருப்பதில்லை.

(திரையில்: பெயர் நீக்கப்பட்ட ஒரு கோப்பு. அதனருகே மெல்ல உருவாகும் ஒரு குடும்ப மரம்.)

பெயரை நீக்கிவிட்டோம், இனி அச்சமில்லை என்ற உறுதிமொழியும் பழையதாகிவிட்டது. ஆண்களிடம் காணப்படும் ஒய் குரோமோசோம் என்னும் மரபணுத் தொகுப்பு தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்கிறது. பல நாடுகளில் குடும்பப் பெயரும் அப்படியே செல்கிறது. இந்த ஒற்றுமையைப் பயன்படுத்தி, வம்சாவளித் தளங்களில் இலவசமாகக் கிடைத்த தகவல்களோடு ஒப்பிட்டு, பெயரின்றி வெளியிடப்பட்ட மரபணுத் தரவுகளிலிருந்து ஏறத்தாழ 50 பேரை அடையாளம் காண முடியும் என்று 2013-இல் ஓர் ஆய்வுக்குழு நிறுவிக் காட்டியது. ஒருவர் மரபணுச் சோதனைக்காகத் தம் எச்சிலை ஒரு நிறுவனத்துக்கு அனுப்பினால், அவருடைய தூரத்து உறவினர்களும் அவர்கள் அறியாமலேயே தேடலுக்குள் வந்துவிடுகிறார்கள்.

இவற்றையெல்லாம் கேட்பவர்களுக்கு, இந்த ஆய்வுகளையே நிறுத்திவிடலாமே என்று தோன்றலாம். அதிலும் நீதி இல்லை. நோய்களோடு தொடர்புடைய மரபணு வடிவங்களைத் தேடும் பெரிய ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 2009-இல் 96 சதவீதத்தினர் ஐரோப்பிய வழியினராக இருந்தார்கள். 2016-இலும் அந்தப் பங்கு 81 சதவீதமாகவே இருந்தது. இந்தத் தரவுகளைக் கொண்டு கணிக்கப்படும் நோய் அபாயம் மற்ற மக்களுக்குச் சரியாகப் பொருந்துவதில்லை. ஆய்வுக்கு வெளியே விடப்படுவதும் ஒரு தீங்குதான். ஏமாற்றப்பட்டதால் விலகிய சமூகங்களே அதனாலும் மேலும் பின்தங்குகின்றன என்பதுதான் இதில் மிகக் கொடியது.

எனவே எந்த நிபந்தனைகளின் பேரில் பங்கேற்பது என்பதைச் சமூகங்களே எழுதத் தொடங்கியுள்ளன. கனடாவின் நூச்சாநுல்த் பழங்குடி மக்களில் 880-க்கும் மேற்பட்டோர் 1980-களில் மூட்டுவாத ஆய்வுக்குத் தந்த இரத்தம், பிற்காலத்தில் அவர்களைக் கேட்காமலேயே முன்னோர் வரலாற்று ஆய்வுக்குப் பயன்பட்டு, 2004-இல்தான் அவர்களிடம் திரும்பியது. அந்த அனுபவத்திற்குப் பின்னர், மாதிரி ஆய்வாளரிடம் இரவலாக மட்டுமே இருக்கிறது, அதன் உரிமை தந்தவரை விட்டு நீங்குவதில்லை என்னும் கருத்து அந்நாட்டில் வலுப்பெற்றது. தென்னாப்பிரிக்காவில், 2010-இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு தங்கள் அமைப்புகளைக் கலந்தாலோசிக்காமல் நடந்தது என்றும், அதில் தங்களைப் பற்றி இடம்பெற்ற சில குறிப்புகள் அந்தரங்கமானவை, இழிவானவை என்றும் சான் பழங்குடி மக்களின் தலைவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். 2017-இல் அவர்கள் தங்களுக்கென ஓர் ஆய்வு நெறிமுறையை வெளியிட்டார்கள். மரியாதை, நேர்மை, நீதி, அக்கறை ஆகியவற்றை அது கோருகிறது. சிக்கலான அறிவியல் மொழியில் பேசிக் குழப்பக் கூடாது என்பதையும் நேர்மையின் ஒரு பகுதியாக அது வைத்திருக்கிறது.

ஹவசுப்பாய் வழக்கு 2010-இல் சமரசத்தில் முடிந்தது. பல்கலைக்கழகம் 41 பேருக்கு 7 இலட்சம் டாலர் வழங்க ஒப்புக்கொண்டு, எஞ்சியிருந்த இரத்த மாதிரிகளையும் திருப்பித் தந்தது. உறைபெட்டியில் இருந்த குப்பிகளை அப்படி எண்ணி எடுத்துச் செல்ல முடிந்தது. இன்றைய ஆய்வுகளில் இரத்தம் ஒரு முறை வாசிக்கப்பட்டு, எழுத்துகளின் நீண்ட வரிசையாக மாறி, பல நாடுகளின் கணினிகளில் பிரதியெடுக்கப்படுகிறது. பங்கேற்பாளர் ஒருவர் பத்தாண்டுகள் கழித்து விலக விரும்பினால், மூலத் தரவுத்தளத்திலிருந்து அவரது பதிவை நீக்கலாம். ஏற்கெனவே பதிவிறக்கம் செய்யப்பட்ட பிரதிகளை யார் தேடிச் சென்று அழிப்பது என்ற கேள்விக்கு, இப்போது கையொப்பமிடப்படும் படிவங்களில் பெரும்பாலானவை விடை சொல்வதில்லை.