கணினி காத்திருக்க வேண்டாம்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். ஆசிரியர் பயிற்சிக்கு வருபவர் தொழில்நுட்பத்தை முதல் நாளிலிருந்தே கற்க வேண்டுமா, வேலையில் சேர்ந்த பிறகு கற்றால் போதுமா? 'முதல் நாளிலிருந்தே' என்பது எங்கள் அணி.

"முதலில் கரும்பலகை கைவரட்டும், கணினியை யாரும் பிறகு கற்றுக்கொள்ளலாம்" என்றார் எதிரணித் தலைவர். சரி, பொத்தானை அழுத்த யாரும் கற்கலாம். எப்போது அழுத்தக் கூடாது என்பதை எங்கே கற்பது?

முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் 180 பாகை. ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முக்கோணம் எத்தனையோ வடிவம் எடுக்கும், கூடுதல் மட்டும் மாறாது. கரும்பலகையில் நான்கைந்து வரைவதற்குள் மணி அடித்துவிடும். ஆனால் திரையில் மட்டும் பார்த்த குழந்தை, கணினி சொன்னதால் நம்பும். அதனால் முதலில் காகித முக்கோணத்தின் மூலைகளைக் கிழித்து நேர்கோட்டில் ஒட்ட வைக்க வேண்டும். அப்புறம் திரை. அதற்கும் பிறகு, 'ஏன் இப்படி?' என்ற கேள்வி. கற்பித்தல் பயிற்சியில் வழிகாட்டி ஆசிரியர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, காகிதத்துக்கு முன்னாடியே திரையைப் போட்டுட்டியே?" என்று கேட்பார். வேலையில் சேர்ந்த பிறகு அந்த பெஞ்சில் யார் உட்காரப் போகிறார்கள்?

2006-இல் கல்வி ஆய்வாளர்கள் புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் எழுதியதும் இதைத்தான்: பாட அறிவு, கற்பிக்கும் முறை, தொழில்நுட்பம் மூன்றும் ஒன்றோடொன்று பின்னியவை. கருவியைத் தனியாகப் பழகினால் போதாது.

"பிறகு" என்பதை நாம் ஏற்கெனவே பார்த்துவிட்டோம். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. முன்பயிற்சி இல்லாத ஆசிரியர்கள் எவ்வளவோ பாடுபட்டு இணைய வகுப்பு எடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அவர்கள் கற்றுக்கொண்டிருந்த அந்த மாதங்களின் விலையைக் கொடுத்தவர்கள் குழந்தைகள்.

பயிற்சிக் காலத்தில் நேரம் இல்லை என்கிறார்கள் எதிரணியினர். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகளின்படி பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பு, அதில் 20 வாரம் பள்ளியில்தான். மின்சாரமும் இணையமும் இல்லாத பள்ளிகள் உண்டு என்கிறார்கள். உண்மைதான், வேதனையான உண்மை. அதனால்தான் மின்சுற்றைத் திரையில் காட்டும் ஃபெட் (PhET) என்ற கணினிச் செயல்விளக்கத்தை முன்கூட்டியே இறக்கி வைக்கவும், கரண்ட் போனால் நிஜ பேட்டரி, பல்பு, கம்பியோடு பாடத்தைத் தொடரவும் முன்பே பழக வேண்டும் என்கிறேன்.

கணினிப் பாடத்தை ஒரு பதிவேட்டோடு முடித்துவிடும் வழக்கம் எனக்கு ஆத்திரம் தருகிறது. செய்முறைத் தேர்வில் பாடக்குறிப்பைப் பாருங்கள். துணைக்கருவி என்ற இடத்தில் 'காணொளி' என்று எழுதியிருந்தால், அதை எந்த இடத்தில் நிறுத்துவீர்கள், நிறுத்தி என்ன கேட்பீர்கள் என்று தேர்வாளர் கேட்கட்டும். அந்தக் கேள்விக்குத் தயாராகும் இரண்டு ஆண்டுகளைத்தான் எங்கள் அணி கேட்கிறது, நடுவர் அவர்களே. நன்றி.